அகழிக்கு உள்ளேயா, ஆற்றங்கரையிலா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். சியாங் மாய் பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பே பக்கத்தில் எங்கள் சிவப்பு வண்டி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். வாசலுக்கு அப்பால் தெரு முழுக்கத் தலைகள். நாங்கள் தங்க வேண்டிய ஹோட்டல் அந்தத் தெருவை ஒட்டித்தான், அறுநூறு மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் ஞாயிறு மாலை ராச்சதம்நோன் சாலையில் வண்டி விடமாட்டார்கள். சந்தை. மூன்று மாதம் முன்பே பணம் கட்டி, வந்து சேரும் நேரத்தையும் எழுதி அனுப்பியிருந்த எங்களிடம் ஹோட்டலில் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் தகராறு. அக்காவிடம் இரண்டு பெட்டி, என்னிடம் ஒன்று. வேறு வழியில்லாமல் கூட்டத்துக்குள் உருட்டிக்கொண்டு புகுந்தோம். துணிப்பை, வெள்ளித் தோடு, மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோறு, மரத்தில் செய்த தவளையின் முதுகைக் குச்சியால் உரசிக் கத்த வைக்கும் பையன் என்று இரண்டு பக்கமும் கடை. மணி ஆறு அடித்தது. ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு கிளம்பியது, தெருவே சட்டென்று உறைந்து போனது. வாணலி முன்னால் இருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். கால் பிடித்து விடுகிற பெண் வாடிக்கையாளரின் பாதத்தை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். எங்கள் பெட்டிச் சக்கரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“நில்லுங்கடி ரெண்டு பேரும். அவங்க தேசிய கீதம்.”

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டம் நடத்திய அம்மாவுக்கு, மொழி புரியாவிட்டாலும் அது நிற்க வேண்டிய பாட்டு என்று தெரிந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. நாங்களும்தான்.

இந்த ஹோட்டலுக்காக நானும் அக்காவும் மூன்று வாரம் போனில் சண்டை போட்டிருந்தோம். அவளுக்கு ஆற்றங்கரை வேண்டும். எனக்கு அகழிக்கு உள்ளே. அவள் ஒரு படம் அனுப்புவாள்: தேக்கு மரத் தூண், வெள்ளைக் கொசுவலை, மேஜையில் ஒற்றைத் தாமரை மொட்டு. நான் ஒன்று அனுப்புவேன்: தேக்கு மரத் தூண், வெள்ளைக் கொசுவலை, கிண்ணத்தில் மூன்று மொட்டு. இரண்டும் ஒரே கல்யாண ஆல்பத்திலிருந்து வந்த மாதிரி இருக்கும். படத்தை வைத்துப் பூட்டிக் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று இப்போது நான் யாருக்கும் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, அந்த மரம் எங்கிருந்து வந்தது, எந்த மாதம் போகிறோம், எத்தனை படி ஏற வேண்டும் என்பது எதுவும் படத்தில் விழாது. அம்மா ஒருத்திதான் முதல் நாளே சரியாகக் கேட்டாள்: “லிஃப்ட் இருக்கா?”

சியாங் மாய் என்றால் புதிய கோட்டை நகரம். நம் புதுக்கோட்டையேதான், வயது மட்டும் எழுநூறைத் தாண்டிவிட்டது. லன்னா அரசை உருவாக்கிய மங்ராய் மன்னர் 1296-ல் கட்டியது. லன்னா என்றால் பத்து லட்சம் வயல். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவில் ஏறக்குறையச் சதுரமான ஊர், சுற்றிலும் அகழி, நாலு மூலையிலும் இன்னும் நிற்கிற செங்கல் கொத்தளங்கள். 1558-லிருந்து இருநூறு வருஷத்துக்கு மேல் பர்மியர் கையில் இருந்தது. அதற்கப்புறம் நடந்த போர்களில் ஊரே காலியாகி, ஏறக்குறைய இருபது வருஷம் காடு மண்டிக் கிடந்தது. காவிலா என்ற தலைவர் 1796-ல் சுற்று வட்டாரத்திலிருந்து மக்களைக் கூட்டி வந்து மறுபடி குடியேற்றினார். அதனால் ‘பழமை’ என்று அங்கே ஒருவர் சொன்னால் எந்தப் பழமை என்று கேட்க வேண்டியிருக்கிறது. கோவில்களில் மங்ராய் காலம், ஆற்றங்கரையில் தேக்குக் கம்பெனிக் காலம், பாதி ஹோட்டல்களில் போன தசாப்தத்துக் காலம்.

பூட்டிக் ஹோட்டல் என்கிற சொல்லே அப்படியொன்றும் பழையதில்லை. 1984-ல் நியூயார்க்கில் திறந்த மார்கன்ஸ் என்ற ஹோட்டலோடு பிரபலமானது. சங்கிலி ஹோட்டல் பெரிய பல்பொருள் அங்காடி என்றால் இது சின்னத் துணிக்கடை என்கிற கணக்கு. சியாங் மாயில் வாசலில் இரண்டு காகித விளக்குத் தொங்கினால் பூட்டிக். தாய்லாந்துச் சட்டத்திலும் ஒரு நெளிவு உண்டு. முன்பு நாலு அறை, இருபது விருந்தாளி வரைக்கும் இருந்தால் அது ஹோட்டல் கணக்கில் வராது. 2023-ல் அதை எட்டு அறை, முப்பது பேர் என்று தளர்த்தினார்கள். அதைவிடப் பெரிய இடத்துக்கு ஹோட்டல் உரிமம் வேண்டும், தீயணைப்பு வசதி, அவசர வழி எல்லாம் அதில் சேரும். மரவீட்டில் படுக்கப் போகிறவர்கள் உரிமம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிக் கேட்பதில் தப்பில்லை. வெளிநாட்டவர் வந்து தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் தங்க வைப்பவருக்கு உண்டு. பாஸ்போர்ட்டைக் கேட்காமலே சாவியைக் கொடுக்கிற இடத்தில் நான் தங்கமாட்டேன்.

எங்கள் முதல் ஹோட்டலில் பாஸ்போர்ட்டெல்லாம் ஒழுங்காகக் கேட்டார்கள். லிஃப்ட்தான் இல்லை. பழைய நகரத்துக்குள் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கோவில் கோபுரங்களை மறைக்காமல் ஊர் தாழ்வாக இருப்பதே அதன் அழகு. ஆனால் இரண்டு மூன்று மாடிக்கு எதற்கு லிஃப்ட் என்று கட்டுகிறவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கொடுத்த அறை மூன்றாவது தளம். முப்பத்தெட்டுப் படி. முதல் இரவு அம்மா எண்ணிச் சொன்னது. மறுநாள் காலை இறங்கும்போது எண்ணவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழ்த்தள அறை கேட்டதற்கு, தோட்டத்துப் பக்க அறைக்கு இரவுக்கு ஆயிரம் பாட் கூடுதல் என்றார்கள்.

ஆனால் அகழிக்குள் தூங்கியதற்கான பலனும் கிடைத்தது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கோவில் நாய்கள் ஒரு சுற்று பேசி ஓய்ந்தன. அப்புறம் சேவல். ஆறு மணிவாக்கில் காவியுடுத்திய பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகத் தெருவில் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் பிளாஸ்டிக் ஸ்டூலில் சோற்றுப் பொட்டலமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்துக் காத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பிச்சை போட்டார், மண்டியிட்டார், அவர்கள் ஓதி முடித்ததும் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று நிமிஷம். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “முழங்கால் அவருக்கும் வலிக்கும் போல, பாரு” என்றாள்.

பிரா சிங் கோவில் அங்கிருந்து நடக்கிற தூரம். 1345-ல் தோன்றியது. உள்ளே இருக்கிற புத்தர் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது ஐதீகம், அந்தச் ‘சிங்’கில் சிங்களம் ஒளிந்திருக்கிறது என்பார்கள். ஊர் நடுவில் செடி லுவாங். 1545 நிலநடுக்கத்தில் உச்சி சரிந்து, மொட்டையாகவே நிற்கிற பெரிய செங்கல் கோபுரம். இப்போது பாங்காக்கில் இருக்கிற மரகத புத்தர் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தார். இரவு ஒன்பது மணிக்கு மேல், சுற்றுலா வண்டிகள் போன பிறகு, அந்தச் சந்துகளில் நடப்பதற்காகவே அகழிக்குள் தங்கலாம். அக்காகூட இதை ஒப்புக்கொண்டாள், உடனே அல்ல.

பழைய நகரத்துக்குள் இரண்டு ஹோட்டல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒங்-ஆர்ட் சத்ரபாந்து என்ற தாய்லாந்துக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தவை. 2020-ல் டிரீஹவுஸ் பரிசு வாங்கியவர். மரபு வழிக் கட்டடக் கலைக்கு உலக அளவில் கொடுக்கப்படுகிற பெரிய பரிசு அது. முதலாவது டாமரிண்ட் வில்லேஜ். ராச்சதம்நோன் சாலையிலிருந்து மூங்கில் கவிந்த ஒரு சந்து வழியாக உள்ளே போனால், நடுவில் இருநூறு வயது என்று சொல்லப்படுகிற புளியமரம். கட்டடங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. மாலையில் ஒரு டீ குடிக்கத்தான் போனோம். “புளியமரத்தடியில படுக்கறதுக்கு ராத்திரிக்கு இவ்ளோ பணமா? நம்ம ஊர்ல பணம் குடுத்தாலும் படுக்கமாட்டான்” என்றாள் அம்மா. நமக்குப் புளியமரம் பேய் குடியிருக்கிற இடம். தாய் மொழியில் அதன் பெயர் மகாம், அதிலுள்ள ‘காம்’ பிறர் மதித்து அஞ்சுவதைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கிறது என்பதால் வீட்டுக்கு நல்லது என்று நட்டு வைக்கிறார்கள். அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, காய் சின்னதாக இருக்கிறது என்றாள்.

இரண்டாவது ராச்சமங்கா, பிரா சிங் கோவிலுக்குப் பின்புறம். வெளியே இருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையும்தான். உள்ளே ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றம். லம்பாங் லுவாங் என்ற பழைய மரக் கோவிலின் விகிதங்களை மனதில் வைத்து வரைந்தது. அங்கே ஒரு சிற்பமும் உங்களைப் பார்த்துக் கும்பிடுவதில்லை, வாசலில் லன்னா உடை போட்டு ஒருவரையும் நிறுத்தி வைக்கவில்லை. செட்டிநாட்டு வீட்டில் வளவுக்குள் நின்று வானத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த அமைதி உடனே புரியும். என் கையில் பணம் இருந்தால் அங்கேதான் தங்குவேன். டீ குடிக்கக் காசு இருந்தது, குடித்துவிட்டு வந்தோம்.

இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. ஊருக்குக் கிழக்கே தாரா தேவி என்ற ஹோட்டல், அரண்மனையையும் கோவிலையும் பெரிய அளவில் நகல் எடுத்துக் கட்டப்பட்டது. கோவில் வடிவத்தில் விருந்தாளிகளை உட்கார வைப்பதா என்று உள்ளூர்க் கல்வியாளர்கள் அப்போதே கேட்டார்கள். 2020-ல் மூடப்பட்டு, பிறகு ஏலத்துக்குப் போனது. பணத்துக்குப் பஞ்சமில்லாமல் கட்டியதுதான். என் கண்ணுக்குப் படத்திலேயே திருவிழாப் பந்தல் மாதிரி இருந்தது, இது என் குறையாகவும் இருக்கலாம்.

நகலில் மறைந்து போகிற ஒன்றை ஒரு சின்ன ஹோட்டலின் உணவறையில் பார்த்தேன். சுவரில் அரை ஆள் நீளத்துக்குச் செதுக்கிய மரப்பலகை, மேலே குண்டு பல்பு. அழகாக இருக்கிறது என்று அக்கா படம் எடுத்தாள். அதன் பெயர் ஹாம் யோன். பழைய லன்னா வீட்டில் உள்ளறை வாசலுக்கு மேலே, நிலைப்படிக்குத் தலையாகப் பதிப்பது. ஆண்மையின் காவல் சக்தி அதில் குடியிருக்கிறது என்பது நம்பிக்கை, பெயரின் அர்த்தமும் அதுதான், வாரப் பத்திரிகையில் இதற்கு மேல் விளக்க வேண்டாம். அந்த வாசலுக்கு அப்பால் குடும்பத்தார் மட்டும்தான் போகலாம். வேற்றாள் தாண்டினால் பாட்டன் பாட்டி ஆவிகளுக்குக் கோபம் வரும், பரிகாரம் செய்ய வேண்டும். நம் குலதெய்வக் கணக்குத்தான். இப்போது வீடு கலைந்து, பலகை பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து சுவருக்கு வந்திருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து வேற்றாட்கள் நாங்கள் மூன்று பேரும் முட்டை சேர்க்காத நூடுல்ஸ் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மங்சவிரத் என்றால் சைவம். மாமிச விரதிதான் அப்படி ஆகியிருக்கிறது, அம்மாவுக்கு இந்தச் சொல்லில் ஏக சந்தோஷம். ஆனால் அதைச் சொன்னால் மட்டும் மீன் சாறு நிற்காது. ‘ஜே’ என்று கேட்டால் மீனும் இல்லை, பாலும் முட்டையும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. சின்ன ஹோட்டல்களின் நல்ல குணம் சமையல்காரரை நேரில் பார்த்துப் பேசலாம் என்பது. இரண்டாம் நாள் காலை எங்கள் ஹோட்டல் சமையல்காரப் பெண் அம்மாவை உள்ளே கூட்டிப்போய், எந்த பாட்டிலைத் தொடக் கூடாது என்று காட்டச் சொன்னார். அம்மா மோந்து பார்த்தே இரண்டைத் தள்ளி வைத்தாள்.

நாலாம் நாள் அக்காவின் முறை. பிங் ஆற்றைத் தாண்டிக் கிழக்குக் கரையில் வாட் கெட் பகுதிக்கு மாறினோம். ரயில் வருவதற்கு முன்னால் பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு வழி இந்த ஆறுதான், வாரக்கணக்கில் படகுப் பயணம். தா பே என்ற பெயருக்கே தெப்பத்துறை என்று பொருள். படகுகள் ஒதுங்கிய கிழக்குக் கரையில் சீன வியாபாரிகள் கடைபோட்டார்கள். 1921 வாக்கில் ரயில் வந்தது, வியாபாரம் மேற்குக் கரைக்கு நகர்ந்தது. காசு போன இடத்தில் யாரும் பழையதை இடித்துப் புதியது கட்டுவதில்லை. அதனால்தான் வாட் கெட்டில் மரவீடுகள் மிச்சமிருக்கின்றன, ஹோட்டல்காரர்களுக்கும் கிடைத்தன.

இங்கே தேக்குக் கதையைச் சொல்லாமல் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்குச் சயாமின் தேக்குக் காடுகளை பிரிட்டிஷ் கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்தன. வெட்டுகிற மரத்தின் அடியில் முதலில் வளையமாகப் பட்டையை உரித்து, நின்றபடியே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. இரண்டு வருஷம் போல நின்று செத்த பிறகு வெட்டி, யானை இழுத்து, ஓடையில் தள்ளி, வெள்ளம் வருகிற வருஷத்தில் ஆற்றுக்கு வந்து, தெப்பமாகக் கட்டி பாங்காக் போய்ச் சேர மேலும் சில வருஷம். மேற்கே சால்வீன் ஆற்றில் விழுந்த மரம் பர்மாவின் மௌல்மேனுக்குப் போனது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நாம் தடவிப் பார்த்து ‘பர்மாத் தேக்கு’ என்று பெருமூச்சு விடுகிற தூண்களுக்கும் இந்தக் காடுகளுக்கும் இடையில் ஒரு மலைத்தொடர்தான்.

கம்பெனிகளில் இரண்டு முக்கியம். ஒன்று போர்னியோ கம்பெனி. அதன் வடக்குத் தலைமையகமாக 1880-களில் எழுந்த பங்களாதான் இன்றைய 137 பில்லர்ஸ் ஹவுஸ். சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்த அன்னா லியோனோவன்ஸின் மகன் லூயிஸ் அந்தக் கம்பெனிக்காக இங்கே வேலை பார்த்தவர். தரையிலிருந்து வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிற தேக்குத் தூண்கள் 137, பெயர் அதுதான். பத்துப் பதினைந்து வருஷம் முன்பு செப்பனிட்டு ஹோட்டலாக்கினார்கள். இன்னொன்று பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் மாஞ்சோலை! சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்குக் காட்டை வாங்கித் தேயிலை போட்ட அதே கம்பெனி. இங்கே தேக்கு, அங்கே தேயிலை. சியாங் மாய்க்குத் தென்கிழக்கே உள்ள பிரே நகரத்தில் அவர்களுடைய நூறாண்டு கடந்த மரக் கட்டடம் ஒன்று இருந்தது. 2020 ஜூனில் அரசுப் பணத்தில் ‘புதுப்பிக்கிறோம்’ என்று ஆரம்பித்து அடியோடு பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஊர் கொதித்தது. வட தாய்லாந்தில் ‘பழைய தேக்கு வீடு’ என்று விளம்பரம் வந்தால் வீடே பழையதா, நாலு வீட்டைப் பிரித்த மரத்தில் ஒட்டிய புது வீடா என்று கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது வகையும் மோசமில்லை. விலை மட்டும் முதல் வகையின் விலையாக இருக்கக் கூடாது.

எதிர்க்கரையில் அனந்தாரா. முன்னாள் பிரிட்டிஷ் துணைத் தூதரக வளாகம், பழைய தூதரக வீடு இப்போது உணவகம். அதன் தோட்டத்தில் நின்றிருந்த விக்டோரியா மகாராணி சிலை இப்போது வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டத்தில், சமாதிகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. ஹோட்டல் அறைக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் அதைச் சும்மா போய்ப் பார்க்கலாம், நாங்கள் போனோம்.

நாங்கள் தங்கிய ஆற்றங்கரை ஹோட்டல் இவ்வளவு பெரியதில்லை. ஒன்பது அறை, ஆற்றைப் பார்த்த திண்ணை. அங்கே ஊழியர் ஒருவர் வரவேற்பறைச் சுவரில் ஒரு பென்சில் கோட்டைக் காட்டினார், என் இடுப்பு உயரம். 2024 அக்டோபர் வெள்ளம். நவராட் பாலத்து அளவுகோலில் 3.7 மீட்டர் தாண்டினாலே கரையோரம் ஆபத்து, அந்த முறை 5 மீட்டருக்கு மேல் போனது. மேஜை நாற்காலியெல்லாம் மாடிக்குத் தூக்கினோம், குளிர்பதனப் பெட்டி மட்டும் மிதந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆற்றங்கரை அறைக்குப் பணம் கட்டும் முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் நான் ஆற்றைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்பேன்.

மாதம் என்றதும் புகையைச் சொல்ல வேண்டும், அதை ஹோட்டல் விளம்பரங்கள் சொல்லவே சொல்லாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல் எரிப்பும் காட்டுத் தீயும் அண்டை நாட்டுப் புகையும் சேர்ந்து பள்ளத்தாக்கில் மூடி போட்ட மாதிரி உட்காரும். உலகிலேயே மோசமான காற்று இன்று எந்த ஊரில் என்கிற பட்டியலில் சியாங் மாய் சில நாட்கள் முதலிடத்துக்கே வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அங்கே நிர்வாக நீதிமன்றம், தொண்ணூறு நாளில் அவசரத் திட்டம் போடுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. டிசம்பரில் நம்மை மயக்குகிற திறந்த வராண்டா, கூரையில்லாத குளியலறை, பலகைகளுக்கு நடுவே காற்று வருகிற மரச்சுவர் எல்லாம் மார்ச்சில் எதிரி. தோற்றமே இல்லாத, கண்ணாடி ஜன்னல் இறுக்கமாகச் சாத்துகிற, காற்றுச் சுத்திகரிப்பான் வைத்த அறைதான் அப்போது சொர்க்கம். மார்ச்சில் போகவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அபிப்பிராயத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

ஏப்ரல் 13 முதல் 15 சொங்கிரான். நம் சங்கராந்திதான், நம் சித்திரைப் பிறப்போடு சேர்ந்து வரும். அகழித் தண்ணீரையே வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். அகழிச் சாலையை ஒட்டி ஹோட்டல் எடுத்தால் மூன்று நாள் காய்ந்த துணியோடு வாசலைத் தாண்ட முடியாது. நவம்பர் பௌர்ணமிக்கு யீ பெங் விளக்குத் திருவிழா. சில வருஷம் நம் திருக்கார்த்திகையும் அதே பௌர்ணமியில் விழும். வானத்தில் காகித விளக்கு பறக்கிற நேரங்களில் விமானங்களையே நிறுத்தி வைக்கிறார்கள், அறைக் கட்டணத்தை மட்டும் யாரும் நிறுத்தி வைப்பதில்லை. மற்ற நாட்களில் விமானம் பறக்கும். மேற்கே நிம்மன்ஹேமின் சாலைப் பக்கம் காபிக் கடைகளுக்காகத் தங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும், ஓடுபாதை அங்கிருந்து கூப்பிடு தூரம். நல்ல காபிக்காக வேண்டுமானால் பகலில் போய் வரலாம்.

காசு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் பத்து சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் ஏழு சதவீத வரியும் உண்டு. 4,000 பாட் என்று பார்த்தது பில்லில் 4,708 ஆகும். அக்கா ஆற்றங்கரை ஹோட்டலில் இதைக் கவனிக்காமல் முன்பதிவு செய்திருந்தாள். அன்று இரவு அவள் ஆற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கடைசி இரண்டு இரவு மறுபடி அகழிக்குள் வந்தோம், இந்த முறை தரைத்தளம், ஆறே அறை. முற்றத்தில் லீலாவதி மரம், நம் கள்ளிமந்தாரை. அதன் பழைய பெயர் லந்தோம். துக்கத்தைக் குறிக்கும் ரதோம் என்ற சொல் மாதிரி ஒலிக்கிறது என்று தாய்லாந்துக்காரர்கள் வீட்டில் வைக்கமாட்டார்கள். லீலாவதி என்று பெயர் மாறிய பிறகு ஹோட்டலுக்கு ஹோட்டல் நட்டுவிட்டார்கள். மரத்துக்குப் பக்கத்தில் கம்பத்தின் மேல் குட்டிக் கோவில், அந்த மண்ணின் காவல் ஆவிக்கு. பிரா பூம், அதாவது பூமி. காலையில் ஒரு பெண் வந்து நேற்றைய சிவப்பு ஃபாண்டா பாட்டிலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். மூடியைத் திறந்து, உறிஞ்சு குழாயை மடக்கி, குழாயின் வாய் கோவில் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு எங்களுக்குக் காபி கொண்டு வந்தாள். “முதல்ல அவருக்கு, அப்புறம் நமக்கு. இது ஒழுங்கான வீடு” என்றாள் அம்மா. நாங்கள் இரண்டு பேரும் மூன்று வாரம் அலசியதில் இந்தத் தகுதி எங்கள் பட்டியலில் இருக்கவில்லை.

திரும்பும் நாளும் ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும் என்று இரண்டரை மணிக்கே வண்டி சொல்லியிருந்தோம். விமான நிலையம் தென்மேற்கில் இருக்கிறது, டிரைவர் சுவான் புருங் வாசல் பக்கமாகத் திருப்பினார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், அந்தக் காலத்தில் ஊருக்குள் செத்தவர்களை எடுத்துப் போவது இந்த வாசல் வழியாகத்தான், அரசர் நுழைவது வடக்கே வெள்ளை யானை வாசல் என்று படித்ததைச் சொல்லிவிட்டேன்.

“நிறுத்தச் சொல்லு.”

“அம்மா, ஃபிளைட்டுக்கு நேரம்...”

“சுத்திப் போகச் சொல்லுடி. வேற வாசல் இல்லையா இந்த ஊர்ல?”

அக்கா போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். டிரைவர் படித்தார். சிரிக்கவில்லை. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கிழக்கே திரும்பி, தெற்கு வாசல் வழியாக எங்களை வெளியே கொண்டு போனார்.